லூர்தக்காவின் டப்பா மூடி

பையைக் குடு பாப்பா. அட, குடுன்றேன்ல. வேலப்பன்சாவடியில ஏறுனதுல இருந்து பாத்துக்கினுதான் வர்றேன், தோள்ல ஒண்ணு, கையில ஒண்ணு, கம்பியப் புடிக்கக் கையில்லாம ஆடிக்கினு வர்ற. டிரைவரு வேற இன்னிக்கு பிரேக்க ஆசை ஆசையா அழுத்துறாரு. நீ விழுந்தா என் மேலதான் விழுவ. குடு.

தூக்கிக்கினு ஓடிட மாட்டேன். எங்க ஓடுறது? நான் ஜன்னலோரம், பக்கத்துல இந்தம்மா தூங்குது, இதத் தாண்டி எறங்குறதுக்குள்ள பாரிஸ் கார்னரே வந்துடும். ஆங், அப்படி. இன்னாம்மா இவ்ளோ கனம், லேப்டாப்பா? சரி சரி, தண்ணி பாட்டில நிமித்தி வச்சுக்கிறேன். நீ கம்பியப் புடி.

உங்களுக்கெல்லாம் இது தெரியல. நின்னுக்கினு வர்றவங்க பையை உக்காந்திருக்கவங்க மடியில வாங்கிக்கணும். இதுக்கு சட்டமும் இல்ல, போர்டும் இல்ல, ஆனா மெட்ராஸ்ல பஸ்ஸுன்னு ஒண்ணு ஓட ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தான். பைய மட்டுமா, கொழந்தையவே குடுத்துடுவாங்க. யாரு பெத்ததுன்னு தெரியாது, சென்ட்ரல் வரைக்கும் என் மடியில தூங்கும். டிக்கெட்டும் அப்படித்தான். கண்டக்டரு பின்னாடி சீட்டுல இருப்பாரு, முன்னாடி ஏறுனவ காச நீட்டி "பாஸ் பண்ணுங்க"ன்னுவா. பத்து கை மாறிப் போவும், பத்து கை மாறி டிக்கெட்டு வரும். இப்ப நமக்கு டிக்கெட்டு ஃப்ரீ, அந்த வேலையும் இல்ல. அதுக்கு முன்னாடியே கொரோனா வந்து எல்லாத்தையும் முடிச்சு வச்சிடுச்சு. அவங்கவங்க கைய அவங்கவங்க மடியில வச்சுக்கினாங்க. இன்னும் எடுக்கல.

நான் பஸ்ல வர்ற ஆளே இல்ல, தெரியுமா? வண்டி வச்சிருக்கேன். செவப்பு ஸ்கூட்டர். அம்பத்தோரு வயசுல ஓட்டக் கத்துக்கினேன். ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல கிரவுண்டுல மூணு தடவ விழுந்தேன், முட்டி பேந்துச்சு, எங்க வீட்டுக்காரரு "வேணாம் குணவதி"ன்னாரு. நான் கேக்கல. நாலாவது நாளு பாரிஸ் வரைக்கும் தனியா ஓட்டிக்கினு போயி எங்க கடை வாசல்ல நிறுத்தினேன். கல்யாணப் பத்திரிகைக் கடை. பத்திரிகை மடிக்கிறது, மஞ்சத் தடவுறது, கவர்ல போடுறது, இருபத்தாறு வருஷமா அங்கதான். எங்க ஓனரு வெளிய வந்து பாத்துட்டு, "இன்னாம்மா, எங்கிட்டகூட சொல்லல"ன்னாரு. கடையில அவ்ளோ பேரும் அப்படி மாறினோம். கட்டிங் மிஷின் வேலு சைக்கிள் வாங்கினான். பில்லு போடுற ரேணுகா புரசைவாக்கத்துல இருந்து நடந்தே வந்தா, எட்டு கிலோ எளச்சா. பஸ்ஸ நம்பி ஒருத்தரும் இல்ல.

இன்னிக்கு வண்டி சர்வீஸ்ல இருக்கு. அதான்.

இன்னா கேட்ட? பஸ்ஸ ஏன் விட்டேனா? கொரோனாதான். வேற இன்னா. எல்லாரும் விட்டாங்க, நானும் விட்டேன்.

சரி, நீ கேக்கிறதால சொல்றேன். இந்த பஸ்ல லூர்தக்கான்னு ஒருத்தங்க வருவாங்க. லூர்துமேரி. பெரிய ஆஸ்பத்திரியில வார்டு ஆயா. மதுரவாயல்ல ஏறுவாங்க, ஏறும்போதே கூட்டம், எடமிருக்காது. நான் பூந்தமல்லியிலயே ஏறி உக்காந்துடுவேன். அதனால அவங்க கூடை என் மடியில. பச்சையும் வெள்ளையுமா ஒயர்ல பின்னின கூடை, அவங்களே பின்னினது. பதினோரு வருஷம். லீவு நாளத் தவிர தெனம் காலையில எட்டே காலுக்கு அந்தக் கூடை என் மடியில உக்காரும். உள்ள டிபன் டப்பா சூடு தொடையில படும். தொறக்காமலே சொல்லுவேன், "அக்கா, இன்னிக்கு எலுமிச்ச சாதம், உருளைக்கிழங்கு வறுவல்." அவங்க சிரிப்பாங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குற மாதிரி சிரிப்பு. "உன் மூக்கத்தான்டி ஆஸ்பத்திரியில வேலைக்கு வைக்கணும்"பாங்க.

பதினோரு வருஷம் பழகி போன் நம்பர் வாங்கிக்கல. வீடு எங்கன்னும் தெரியாது. எதுக்கு வாங்கணும்? நாளைக்குக் காலையில எட்டே காலுக்குப் பாக்கத்தானே போறோம். பஸ்ஸு நின்னு போவும்னு எவ கண்டா?

நின்னுச்சு. மார்ச்சுல நின்னது செப்டம்பர்லதான் திரும்ப ஓடுச்சு. அந்த அஞ்சு மாசம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ நெஞ்சுல ஆப்பரேஷன் ஆயிருக்கு. டாக்டரு சொன்னாரு, "இவருக்கு வந்தா தாங்காதும்மா"ன்னு. அவ்ளோதான். பால் பாக்கெட்ட சோப்புப் போட்டுக் கழுவினேன். கீரையக் கழுவினேன், தேங்காயக் கழுவினேன், வெங்காயத்தக்கூட கழுவிக் காய வச்சேன். எம் பொண்ணு ஆவடியில இருக்கா, "வரட்டுமாம்மா"ன்னா, "வராத"ன்னுட்டேன். பெத்த பொண்ணையே வராதன்னவ நான். எனக்கு பயம். ஆமா, பயம். பயப்பட்டது தப்பா? சொல்லு.

செப்டம்பர் மொத வாரம் கடைக்குக் கூப்ட்டாங்க. பஸ்ஸுல சீட்டுக்கு ஒருத்தருதான், பக்கத்து சீட்டுல பெருக்கல் குறி போட்டு ஒட்டியிருந்துச்சு. நின்னுக்கினு வரக்கூடாதுன்னு ரூலு. நான் மாஸ்க் ரெண்டு போட்டு, கண்ணாடி போட்டு, ஜன்னலோரமா ஒட்டிக்கினு உக்காந்திருந்தேன். மதுரவாயல்ல லூர்தக்கா ஏறினாங்க. என்னப் பாத்ததும், மாஸ்க்குக்குள்ள இருந்து, "குணா! உசுரோடதான் இருக்கியாடி!"ன்னு ஒரு சத்தம். "அஞ்சு மாசமா ஸ்டாஃப் பஸ்ல போனேன்டி, ஒரு மூஞ்சி தெரியல, ஒரு பேச்சு இல்ல"ன்னு பேசிக்கினே வந்து, வழக்கம் போல கூடைய என் மடியில வச்சிட்டாங்க. கை பழகிப் போச்சு அவங்களுக்கு. எதுத்த சீட்டு காலியாத்தான் இருந்துச்சு, அங்க வச்சிருக்கலாம்ல? வைக்கல.

நான் கூடைய நகத்தினேன். லேசா. அது விழுந்துடுச்சு. டப்பா தொறந்து எலுமிச்ச சாதம் பூரா கீழ. யாரோ ஒருத்தங்க, "ஆஸ்பத்திரிப் பை, கொரோனா வார்டு"ன்னு கத்திட்டாங்க. அவ்ளோதான், பஸ்ஸே எழுந்து நின்னுச்சு. "எறக்கு, எறக்கு"ன்னு ஒரே கூச்சல். கண்டக்டரு பாவம், "அம்மா, பிரச்சன வேணாம், எறங்கிடுங்க"ன்னாரு. லூர்தக்கா குனிஞ்சு, சாதத்தக் கையால அள்ளி டப்பாவுல போட்டாங்க. கீழ கொட்டினத எதுக்கு அள்ளினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. பஸ்ஸு அசிங்கமாவக் கூடாதுன்னு போல. நெற்குன்றத்துல எறங்கினாங்க. அங்கருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனாங்களோ. ஆட்டோ இல்ல, ஒண்ணும் இல்ல. நல்ல வெயிலு.

டப்பா மூடி மட்டும் உருண்டு என் காலடியில வந்து நின்னுச்சு. பாரிஸ்ல எறங்கும்போதுதான் பாத்தேன். எவர்சில்வர் மூடி, மேல பேரு வெட்டியிருக்கு, லூர்துமேரின்னு. அடுத்தவங்க பொருளு, விட்டுட்டு வர முடியுமா? புடவைத் தலப்பால எடுத்துக் கவர்ல போட்டுக்கினேன். வீட்டுல அதையும் கழுவினேன். நாலு தடவ.

மறுவாரமே வண்டி எடுத்தேன். இனிமே எவ கூடையும் என் மடியில வேணாம், என் பையும் எவ மடியிலயும் வேணாம்னு எடுத்தேன். நிம்மதியா இருந்துச்சு பாப்பா. நான், என் ஹெல்மெட்டு, என் ஹேண்டில்பாரு. எட்டே காலுக்கு மதுரவாயல் சிக்னல்ல நிப்பேன். பஸ்ஸு பக்கத்துல வந்து நிக்கும். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். ஹெல்மெட்டு போட்டா திரும்ப வராதுல்ல.

அப்புறம் பாரு, அவ்ளோ கழுவியும் மறு வருஷம் மே மாசம் எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சு. யார்கிட்ட இருந்து? அவரு கூடப் பொறந்த அண்ணன்கிட்ட இருந்து. நல்லாத்தான் இருக்கேன்னு வீட்டுக்கு வந்து, கூட உக்காந்து காபி குடிச்சுட்டுப் போனாரு. அந்த பெரிய ஆஸ்பத்திரியிலதான் சேத்தோம், எடம் அங்கதான் கெடச்சுது. பதினேழு நாளு. உள்ள விடமாட்டாங்க. தெனம் காலையில கஞ்சியும் ரசமும் ஊத்தி, பையில பேரு, வார்டு எல்லாம் எழுதி ஒட்டி, கேட்டாண்ட நிப்பேன். உள்ள இருந்து ஒரு ஆயா வரும். தல முதல் கால் வரைக்கும் வெள்ள டிரஸ்ஸு மூடியிருக்கும், கண்ணு மட்டும் தெரியும், அதுக்கும் மேல ஒரு கண்ணாடி. நூறு பேரு பைய வாங்கி, மாருல அணைச்சுக்கினு, ரெண்டு கையிலயும் மாட்டிக்கினு உள்ள போவும். நான் குடுத்த பை எங்க வீட்ல இருந்து வர்ற பை. அங்க யாருக்கு இருக்கு யாருக்கு இல்லன்னு எவளுக்குத் தெரியும்? ஒருத்தியும் தள்ளிப் புடிக்கல. அவங்க வேல அது, வாங்கித்தானே ஆவணும். அதுல ஒண்ணு லூர்தக்காவா இருந்திருக்கும். இல்லாமலும் இருந்திருக்கும். நான் கேக்கல. எப்படிக் கேக்கிறது? பதினெட்டாம் நாளு அவரு நடந்து வெளிய வந்தாரு. இப்ப நல்லா இருக்காரு, தெனம் வாக்கிங் போறாரு.

இரு, கண்டக்டரு வர்றாரு.

இன்னா தம்பி? சிரிக்காத. ஆமா, சர்வீஸ்லதான் இருக்கு. போ, போயி அந்தப் பக்கம் டிக்கெட்டுக் குடு.

கேட்டியா அவன் கேட்டத? "இன்னாக்கா, மூணு மாசமா சர்வீஸா?"ன்னு. வாயி. இந்தக் காலத்துக் கண்டக்டருக்கெல்லாம் வாயி ஜாஸ்தி.

சரி, இல்ல. வண்டி வீட்டுலதான் நிக்குது. நல்லாத்தான் ஓடுது. சர்வீஸெல்லாம் ஒண்ணும் இல்ல. இப்ப இன்னா அதுக்கு? என் வண்டி, நான் எடுப்பேன், எடுக்கமாட்டேன்.

மூணு மாசம் முன்னாடி மதுரவாயல் சிக்னல்ல பஸ்ஸு பக்கத்துல நின்னுச்சு. அன்னிக்கு ஹெல்மெட்டு கண்ணாடியில தூசி, கழட்டித் தொடச்சேன். தலையத் தூக்கினா, ஜன்னல்ல லூர்தக்கா. நின்னுக்கினு இருந்தாங்க. அதே கூடை, ஒயரெல்லாம் வெளுத்துப் போயி. ஒரு கையில கூடை, ஒரு கையில கம்பி. பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, மடி காலியா இருக்கு. ஒருத்தி கைய நீட்டிக் கேக்குறா, எனக்கு நல்லாத் தெரியுது, குடுங்கன்னு கேக்குறா. லூர்தக்கா தலைய ஆட்டுனாங்க, வேணாம்னு. பச்ச விழுந்து பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறான், நான் நிக்கிறேன்.

அந்தக்கா மனுஷங்க மடியில கூடைய வைக்கிறதையே விட்டுடுச்சு பாப்பா. என்னால விட்டுடுச்சு.

மறுநாளே பஸ்ஸுக்கு வந்துட்டேன். மூணு மாசமா வர்றேன். நான் ஏறுற பஸ்ஸுலதான் அவங்களும் ஏறுறாங்க. முன்னாடி, டிரைவருக்குப் பின்னால கம்பியாண்ட நின்னுக்குவாங்க. இந்தப் பக்கம் வரமாட்டாங்க. இன்னும் மாஸ்க் போட்டிருக்காங்க, வார்டுப் பழக்கம். என்னப் பாத்தாங்களா, பாக்கலையா, மூஞ்சி தெரியல. நானும் எழுந்து போவல. எதுக்குப் போவணும்? போயி இன்னான்னு சொல்லுவேன்? புருஷன் உசுருக்கு பயந்தேன்னு சொன்னா தப்பாயிடுமா? எவ பயப்படல அன்னிக்கு? பஸ்ல இருந்த இருபது பேரும் கத்தினாங்க, நான் மட்டும் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? வெக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல எனக்கு. மூடிய மட்டும் தெனம் பையில எடுத்துக்கினு வர்றேன். தெனம் திருப்பி எடுத்துக்கினு போறேன்.

நேத்து என்னாச்சுன்னா, எறங்கும்போது லூர்தக்கா இந்தக் கண்டக்டருகிட்ட சொன்னாங்க. "நாளையோட முடியுது தம்பி. ரிட்டயர்டு. அப்புறம் இந்த பஸ்ஸு எனக்கு எதுக்கு"ன்னு. எனக்குக் காதுல விழுந்துச்சு. இன்னிக்குத்தான் அந்த நாளைக்கு. வீடு தெரியாது, நம்பர் இல்ல. இன்னிக்கு விட்டா விட்டதுதான்.

வானகரம் தாண்டிடுச்சா? தாண்டிடுச்சு. அந்தா, மதுரவாயல்.

ஏறுறாங்க பாரு. முன் வாசல்ல. புதுப் புடவை. கடைசி நாளுன்னு கட்டியிருக்காங்க போல. கூடையப் பாத்தியா, ஒயர்க் கூடை, அவங்கதான். திரும்பிப் பாக்காத, நேரா பாரு. சரி, பாரு, பாத்தா பாத்துட்டுப் போறாங்க.

நான் சத்தமாப் பேசுறேனா? பேசுறேன். கேக்கட்டுமே. இவ்ளோ நேரம் உனக்குச் சொன்னேன், இப்ப பஸ்ஸுக்கே சொல்றேன். அன்னிக்கு நான் கூடைய நகத்தல பாப்பா. தள்ளினேன். ரெண்டு கையாலயும் தள்ளினேன். "ஆஸ்பத்திரிப் பை"ன்னு கத்துனது யாரோ இல்ல. நான்தான். மொதல்ல கத்துனவ நான், அப்புறம்தான் மத்தவங்க. நான் கத்தலன்னா ஒருத்தனுக்கும் அவங்க எங்க வேல செய்றாங்கன்னே தெரிஞ்சிருக்காது. எனக்குத்தானே தெரியும், பதினோரு வருஷமா மடியில வச்சிருந்தவளுக்குத்தானே தெரியும். நெற்குன்றத்துல எறங்கி நின்னு அந்தக்கா ஜன்னல் வழியா என்னப் பாத்துச்சு. நான் மொகத்தத் திருப்பிக்கினேன். போதுமா? சொல்லிட்டேன். எவ வேணா எத வேணா நெனச்சுக்கட்டும்.

இன்னாம்மா நீ முழிச்சுக்கினு பாக்குற? தூங்கு.

பாப்பா, என் பையில அந்தப் பக்கம் ஜிப்பத் தொற. பேப்பர்ல சுத்தியிருக்கு பாரு, அதான். பேப்பரப் பிரிச்சிடு. அந்த மூடிய முன்னாடி பாஸ் பண்ணு. "டிரைவருக்குப் பின்னால, மாஸ்க் போட்டவங்களுக்கு"ன்னு சொல்லிக் குடு. சத்தமாச் சொல்லு, படிச்ச பொண்ணுதானே.

ஆங், போவுது. அந்தப் பூக்காரம்மா வாங்கிடுச்சு. அந்த சுடிதாரு. எல்லாம் வாங்குறாளுங்க பாரேன், ஒருத்தியும் எதுக்குன்னு கேக்கல. கை மறக்கல, பாத்தியா? அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு… நீட்டிடுச்சு. வாங்கிட்டாங்க. திருப்பிப் பாக்குறாங்க. பேரத் தடவுறாங்க.

திரும்பிப் பாக்கல.

பாக்கலன்னா போவட்டும். அடுத்தவங்க பொருளு, குடுத்தாச்சு, என் வேல முடிஞ்சுது. நாளையில இருந்து வண்டியிலதான். நிம்மதியா வண்டியில…

கோயம்பேடா இது? இன்னும் இல்லியா.

இன்னாம்மா அங்க சலசலப்பு? யாரும்மா அது, இடிக்காம… இன்னாத்த பாஸ் பண்றீங்க? எனக்கா? எனக்கு எதுக்கு…

குடு. அந்தக் கூடைய இங்க குடு. மெதுவா.

சூடா இருக்கு பாப்பா. நான் சொல்லட்டுமா? காரக் கொழம்பு. வெண்டக்கா போட்டது.

இன்னா சொன்னாங்களாம்? "நேரா வச்சுக்கச் சொல்லு, கொழம்பு சாஞ்சிடும்"னா? பாத்தியா திமிர! எனக்குச் சொல்லித் தர்றாங்களாம், எனக்கு! பதினோரு வருஷம் வச்சிருந்தேன், ஒரு சொட்டு சாஞ்சிருக்குமா? ஒரே ஒரு நாளு. ஒரு நாளுதான்.

இந்தா பாப்பா, உன் பைய நீயே புடிச்சுக்கோ. என் மடியில எடமில்ல.